கடைசி வரிசை, இடப்பக்கம்

செப்டம்பர் 9
ஆண்கள் விடுதி, மூன்றாம் மாடி, கண்ணாடி உடைந்த ஜன்னலுள்ள அறை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்,

கீழே கையொப்பமிட்டுள்ளவனின் மேலுதட்டில், இடது ஓரமாக, கடந்த செவ்வாய்க்கிழமை ஒரு மீசை முடி அரும்பியுள்ளது. வலது ஓரத்தில் நிலைமை இன்னும் பேச்சுவார்த்தை அளவிலேயே இருக்கிறது. இந்த வரலாற்று நிகழ்வை முன்னிட்டு அறையில் மௌனம் அனுசரிக்கப்பட்டது. மௌனத்தின் நடுவே சிரித்த பக்கத்துக் கட்டில் தடியன் வன்மையாகக் கண்டிக்கப்பட்டான்.

சித்தி, சௌக்கியமா? நான் டமாரம்.

உங்கள் புது முகவரியை அப்பாவிடமிருந்து கறந்தேன். "அம்மாகிட்ட சொல்லிடாதடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் டமாரம் என்று எனக்குப் பட்டம் கொடுத்த வீட்டில், என்னிடமே ரகசியம் சொல்கிறார்கள்! இங்கே போன்களை எல்லாம் வார்டன் பூட்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆபீஸ் போனில் வீட்டுக்குப் பேசலாம். அதனால்தான் கடிதம். கடி பாதி, இதம் பாதி. இதம் கிடைக்காவிட்டால் கடியை வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு, நீங்களும் சித்தப்பாவும் மாதம் தவறாமல் போவீர்களே, அந்தத் தீம் பார்க்கிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்களாம். அதுவும் பெரிய பாம்பில்! அது எப்பேர்ப்பட்ட ரோலர் கோஸ்டர் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. "எங்க சித்தி மயக்கத்துக்கு மருந்து குடுத்துட்டிருந்தாங்க, இப்ப மயக்கத்தையே குடுக்குறாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் சித்தப்பாவும் எப்போதும்போலக் கடைசி வரிசையில் ஜோடியாக உட்கார, நான் முதல் வரிசையில் தனி ஆளாக, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கண் இமைக்காமல் இறங்கிய கதையையும் சொன்னேன். விடுதியில் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது.

சித்தப்பா போன பிறகு, வீட்டில் உங்கள் பேச்சை எடுத்தால் அம்மா பாத்திரம் தேய்க்கப் போய்விடுகிறார். இப்போது எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் முகம் பார்த்துத் தலை வாரலாம். உங்கள் இருவருக்கும் என்ன சண்டை? யாருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பார்க்கில் பேய் பங்களா இருக்கிறதே, அங்கே நிஜப் பேய் ஏதாவது உண்டா? இருந்தால் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஒற்றை முடி மன்னன்


செப்டம்பர் 18

அன்புள்ள டமாரத்துக்கு,

முடிக்கு வாழ்த்துகள். அவசரப்பட்டு மழித்துவிடாதே, துணைக்கு ஆள் வரும்வரை இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் பயந்தேன். எனக்கு யாரும் எழுதுவதில்லை. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பெரிய பாம்பின் உச்சி தெரியும். வேறொன்றும் தெரியாது. அதற்காகத்தான் இந்த அறை.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் குழந்தைகள் இல்லை. உனக்கு இது தெரியுமா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாராவாரம் குடை ராட்டினத்தில் ஒரே வெள்ளைக் குதிரையில் ஏறுகிறார். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த சுற்றுவரை நிற்கிறார். ஒரு பல் டாக்டர் மோதும் காரில் ஏறி, அறிமுகமில்லாதவர்களை எல்லாம் முட்டிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டிக்கெட் கொடுக்கும் பெண் எங்களை முதல் தடவை கேட்டது நினைவிருக்கிறது. "குழந்தைங்க எங்கம்மா?" உன் சித்தப்பா என் கையைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறோம்" என்றார்.

பேய் பங்களாவில் பேய் இல்லை. சம்பளம் போதவில்லை என்று இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

என் வேலையைக் கேட்டாயே. காலையில் கதவு திறப்பதற்கு முன் ரயிலை வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் ஆள் எடை இல்லாமல் ஓட்டக் கூடாது. அதற்குத் தண்ணீர் பொம்மைகள் இருக்கின்றன. உட்கார்ந்த நிலையிலேயே வார்த்தெடுத்த பிளாஸ்டிக் உடம்பு. முகம் கிடையாது, கழுத்தில் ஒரு மூடி. குழாயை வைத்து நிரப்பினால் ஒரு ஆளின் எடை வந்துவிடும். பருமனானதற்கு இங்கே 'மேனேஜர்' என்று பெயர். ஒழுகுகிற ஒன்றுக்கு 'ஜலதோஷம்'. அவர்களைத் தூக்கி உட்காரவைத்து, பட்டை போட்டு, பொத்தானை அழுத்துவது நான். மெக்கானிக், ஸ்பேனர் தம்பி என்று கூப்பிடுகிறோம், கீழே நின்று சத்தம் கேட்பான்.

ஆட்கள் ஏறிய ரயில் அலறிக்கொண்டு வரும், நீ அறிவாய். இது அப்படியில்லை. உச்சியிலிருந்து விழும்போதுகூட வாயைத் திறக்காது. வளைவில் திரும்பி, நிழலுக்குள் போய், வெளியே வந்து, என் முன்னால் நிற்கும். எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். சக்கரச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் காதில் இருக்கும்.

கடைசி வரிசை இடப்பக்கம் உன் சித்தப்பாவின் இடம். அங்கே 'மேனேஜர்' உட்காருவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் ஒரு பொம்மையில் மட்டும் தண்ணீரைக் குறைத்து, அவர் எடைக்குச் சரியாக அளந்து ஊற்றி, அங்கே உட்காரவைத்தேன். மருந்து அளந்த கை, தப்பாது.

இரண்டாவது வளைவில் அவர் என் தோள் மேல் சாய்வார். வேண்டுமென்றே சாய்கிறார் என்று நான் திட்டுவேன். ரயில் திரும்பி வந்தபோது எல்லாப் பொம்மைகளும் நேராக இருந்தன. அது மட்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

இதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

சித்தி


செப்டம்பர் 30

பேரன்புக்கும் பேரச்சத்துக்கும் உரிய சித்திக்கு,

உங்கள் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி படித்தேன். தடியனுக்கும் வாசித்துக் காட்டினேன். (அவன் அம்மா இல்லை, அதனால் கணக்கில் வராது.) தன் பங்குப் பழத்தை என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். தினம் இப்படி ஒரு கடிதம் போட்டால் நான் நன்றாகச் சதை பிடிப்பேன்.

தண்ணி போட்டவர்கள் ஆடுவார்கள் என்று தெரியும். தண்ணி போடப்பட்டவர்களும் சாய்வார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. அன்று தலையோடு கால் போர்த்திக்கொண்டு படுத்தது கொசுவுக்காக. கொசு இல்லையே என்று தடியன் சொன்னான். போர்த்தியதால் போய்விட்டது என்று விளக்கினேன்.

ஞாயிறு போனில் அம்மாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அம்மா, லீவுக்கு சித்திய போய்ப் பாக்கலாமா?"

"சோப்பு தீந்துபோச்சாடா? அனுப்பட்டா?"

"சித்தி, ம்மா."

"ரெண்டா அனுப்புறேன். வீணாக்காத."

வைத்துவிட்டார். என்னிடம் இப்போது சோப்பு நிறைய இருக்கிறது.

சித்தி, ஒன்று கேட்கலாமா? விளையாட்டுக்கு இல்லை. வலப்பக்கம், உங்கள் சீட்டில், எந்தப் பொம்மையை வைக்கிறீர்கள்?

டமாரம்


அக்டோபர் 14

டமாரத்துக்கு,

நீ கேட்டதை ஸ்பேனர் தம்பியும் கேட்டான்.

"அக்கா, அந்த சீட்டு ஏன் காலியா போகுது?"

"காலி இல்லப்பா. ஆள் வரணும்."

அவன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "பொம்மைய முழுசா நிரப்பாம விட்டா உள்ள தண்ணி அலையடிக்கும்க்கா. அதான் சாயுது. ரொப்பிட்டா நேரா உக்காரும்."

"பாதி பாட்டில் எப்படிக் குலுங்கும்னு எனக்குத் தெரியாதா தம்பி?"

"தெரிஞ்சுமா இப்படி?"

"தெரிஞ்சுதான்."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. நல்ல பையன். சில நாள் காலையில், வணக்கம் சார் என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போகிறான்.

சட்டை போட்டுவிட்டேன். பாக்கெட்டுக்குப் பட்டன் வைத்த கட்டம் போட்ட சட்டை. தலைகீழாகத் திரும்பும்போது சில்லறை கொட்டாமலிருக்க அவரே தைத்துக்கொண்ட பட்டன். போட்ட பிறகு முகம் இல்லாதது உறுத்தவில்லை. பின்னாலிருந்து பார்க்கும்போது எல்லோருக்கும் முகம் இல்லைதானே. முன்வரிசைப் பொம்மை அவருக்கு மறைக்கிறது என்று தோன்றியது, அதை எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் இருப்பதையும். சோதனை முடிந்ததும் மற்றவர்களின் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுகிறேன். அவருடையதை விடுவதில்லை. கொட்டகையில் தார்ப்பாய்க்குப் பின்னால் உட்காரவைக்கிறேன். மழை வந்தால் அந்தப் பக்கம் ஒழுகுமே என்று அறையில் படுத்துக்கொண்டு நினைக்கிறேன்.

என்ன சண்டை என்று கேட்டாய். உனக்கு வயது வந்துவிட்டது, முடியும் வந்துவிட்டது. சொல்கிறேன்.

உன் சித்தப்பா சலூன் நாற்காலியில் இறந்தார். கழுத்தில் துணி கட்டி, பாதி முடி வெட்டியிருந்தது. தூங்குகிறார் என்று அந்தக் கடைக்காரர் மீதியையும் வெட்டி முடித்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "எப்பப் பாரு ராட்டினம், ராட்டினம். மேல தூக்கிக் கீழ போட்டா நெஞ்சு எப்படிடி தாங்கும்? நீதான் அவரக் கொன்ன." அவ்வளவுதான் சண்டை. அவள் சொன்னது பொய் இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஏனென்றால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பெரிய பாம்பில் ஆறு தடவை ஏறியிருந்தோம். அவர் போதும் என்றார். நெஞ்சை இப்படித் தேய்த்துக்கொண்டே சொன்னார், எனக்குக் கண்ணில் நிற்கிறது. நான்தான், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன்.

அதன் பிறகு நான் அதில் ஏறவில்லை. தினமும் காலையில் அவரை மட்டும் இன்னும் ஒரு தடவை அனுப்புகிறேன். திரும்பி வருகிறாரா என்று பார்க்கிறேன். வந்துவிடுகிறார். இதுவரைக்கும் தினமும் வந்துவிடுகிறார்.

லீவுக்கு நீ இங்கே வர வேண்டாம்.

சித்தி


அக்டோபர் 22

சித்தி,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

திட்டுவதானால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என்னால் யாருக்கும் நாற்காலியில் பசை தடவ முடியவில்லை. ஞாயிறு போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மை, சட்டை, தார்ப்பாய், எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா?

"போன மாசம் விடுதி தீப்பிடிச்சிடுச்சுன்ன. அதுக்கு முந்தின மாசம் உனக்கு ரெண்டு சிறுநீரகமும் இல்லன்ன. இப்ப இதுவா? செத்த மனுஷன வெச்சுமா விளையாடுவ? வெக்கமா இல்ல?"

"அம்மா, சத்தியமா..."

"உன் சத்தியம் எங்கிட்ட ஒரு கூடை இருக்கு. போன வை."

அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "கதை நல்லாருக்குடா, கடைசியில கொஞ்சம் இழுத்துட்ட" என்றார். இத்தனை வருடமாக ஊரையே ஏமாற்றிப் பழகினேன். ஒரே ஒரு உண்மையைச் சொல்லப் போனால் கடையில் செல்லாத காசு மாதிரி திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அது தண்ணீர், சித்தி. சித்தப்பா இல்லை. குழாயில் வருகிற தண்ணீர். சித்தப்பா என்றால் அது என்னைப் பார்த்ததும், "என்னடா டமாரம், யாரு தலைய உருட்டிட்டு வர்ற?" என்று கேட்க வேண்டும். கேட்குமா?

வீட்டுக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் என் அறை காலியாகத்தான் இருக்கிறது.

டமாரம்


அக்டோபர் 28

சரியான பெயர்தான் வைத்திருக்கிறார்கள் உனக்கு.

அது என்ன கேட்கும், கேட்காது என்று உனக்குத் தெரியாது.

இனி எழுதாதே.


நவம்பர் 15

சித்திக்கு,

எழுதாதே என்றீர்கள். இது எழுத்து இல்லை, கிறுக்கல். போன வாரமும் கிறுக்கினேன், அதற்கு முந்தின வாரமும். வந்து சேர்ந்ததா?

ஒரு ஜோக் யோசித்து வைத்திருந்தேன். எழுதும்போது நன்றாக இல்லை. விட்டுவிட்டேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஊரிலும் இருக்கும். ஒற்றை வரி போடுங்கள். திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. வெறும் உறையாவது போடுங்கள்.

டமாரம்


டிசம்பர் 6

அன்புள்ள டமாரத்துக்கு,

மூன்று கடிதங்களும் வந்தன. இரண்டைப் பிரிக்கவில்லை. இன்று காலையில்தான் பிரித்தேன். நீ எழுதாமல் விட்ட ஜோக் எதுவோ, அதை நேரில் சொல்.

நடந்ததை உன் அம்மா அவள் பாணியில் உனக்குச் சொல்லியிருப்பாள். என் பாணியில் நான் சொல்கிறேன்.

போன வாரம் ஒருநாள் நல்ல குளிர். எதிர்க்காற்று வேறு. அவருக்கு எதுவும் மறைக்கக் கூடாது என்று நான் ஒவ்வொரு பொம்மையாக எடுத்து எடுத்து, கடைசியில் ரயிலில் அவரும் இன்னும் இரண்டே பேரும்தான் இருந்தார்கள். எடை இல்லாத ரயில், இறுகிப்போன கிரீஸ், முகத்திலடிக்கிற காற்று. முதல் மேட்டில் இறங்கியது, இரண்டாவது மேட்டில் பாதி ஏறியது, அப்புறம் யோசிப்பது மாதிரி நின்றது. பின்னாலேயே வழுக்கிவந்து, முன்னும் பின்னும் ஆடி, இரண்டு மேட்டுக்கும் நடுவிலிருக்கிற பள்ளத்தில் நின்றுவிட்டது. பள்ளம் என்றாலும் மாடி வீட்டு உயரம்.

திரும்பி வரவில்லை. முதல் தடவையாக அவர் திரும்பி வரவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். அங்கே நின்றவர்கள் மேலே பார்த்திருக்கிறார்கள். கட்டம் போட்ட சட்டை காற்றில் படபடக்க, ஒரு ஆள் பக்கவாட்டில் சாய்ந்துகிடக்கிறார். "ஆள் மாட்டிக்கிட்டாரு! மயங்கிட்டாரு போல!" யாரோ தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டார்கள்.

நான் அதற்குள் பராமரிப்புப் படியில் ஏறிவிட்டேன். ஸ்பேனர் தம்பி கீழிருந்து, "அக்கா, வேணாம்க்கா, இறங்குங்க" என்று கத்தினான். ரயில் பக்கத்தில் போனபோது அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் காலி சீட்டின் பக்கம் சாய்ந்திருந்தார், ஆள் வருவதற்காக இடம் பார்ப்பது மாதிரி. நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். ரயில் அசைந்தது. அவர் தலை, தலை என்றுதான் சொல்கிறேன், அந்த மூடி, என் தோளில் வந்து பட்டது. கம்பி, சீட்டு, என் கை எல்லாம் பனிக்கட்டி மாதிரி இருந்தன. அவர் சூடாக இருந்தார். வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்துக்கு வெயில் வர இன்னும் நேரம் இருந்தது.

அதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்.

"போதும்னு சொன்னீங்கல்ல" என்றேன் அவரிடம். "கேக்காம விட்டுட்டேன்." அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்படியே இருந்திருப்பேன். டமாரம், உண்மையைச் சொல்கிறேன், இறங்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஏணி வந்தது. ஏணியின் நுனியில் ஒரு தீயணைப்புக்காரர், நடுவயது. "அம்மா, நீங்க எப்படி இங்க? ஆம்பளைன்னுல்ல சொன்னாங்க."

"இவர்தான்."

அவர் சட்டையைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். "இது... பிளாஸ்டிக்குங்களே?"

"ஆமாங்க."

அவர் என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். கீழே கூட்டம் என்னாச்சு, என்னாச்சு என்று கத்திக்கொண்டிருந்தது. "முதல்ல அவர இறக்குங்க" என்றேன். தீயணைப்புக்காரர் பட்டையைக் கழற்றி, கழுத்துக்குப் பின்னால் ஒரு கை கொடுத்து, அடிபட்ட ஆளைத் தூக்குவதுபோலத் தூக்கிக் கீழே அனுப்பினார். அதற்குப் பிறகுதான் நான் இறங்கினேன்.

அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நிஜ மேனேஜர் கேட்டார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் உன் அம்மாவுடையது. சாயங்காலம் வந்துவிட்டாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், கொட்டகையில் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அந்தப் பய சொன்னது அத்தனையும் நிஜமா?" என்றாள். அப்புறம் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எடுத்துப் பிழிந்தாள்.

"எத்தன நாளாடி ஈரத்தோட வெச்சிருக்க? துணி நாறுது பாரு."

"அக்கா, அவர் போதும்னு சொன்னாருக்கா. நான்தான் இன்னொரு தடவைன்னேன்."

"சொன்னா? ஏறுனது அவர்தான? என் வீட்டுக்கு வந்தா வேணாம்னா வேணாம், ஒரு வாய் கூடுதலா திங்கவெக்க முடிஞ்சுதா அந்த மனுஷன?"

"அப்ப நீ சொன்னது?"

பிழிந்துகொண்டே இருந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை, இன்னும் பிழிந்தாள். "அன்னைக்கு யார் மேலயாவது பழி போடணும்னு இருந்துச்சுடி. பக்கத்துல நீதான் நின்ன."

மூடியைத் திறந்தது நான்தான். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் முழுதும் போக வெகுநேரம் ஆனது.

தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், ஸ்பேனர் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பாம்பிலிருந்து எடுத்து, தொலைந்த பொருள் கவுண்டரில் போட்டிருக்கிறார்கள். ஒற்றைச் செருப்புகள், தொப்பிகள், ஒரு பல்செட். வீட்டுக்கு வா என்கிறாள் உன் அம்மா. வேலையை விடவா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். ஒரு தடவை அதில் ஏறி இறங்க வேண்டும், உயிருள்ள ஆளாக. தனியாக முடியாது. உன் அம்மாவைக் கேட்டேன், ஏணியில் ஏறினாலே தலை சுற்றும் என்கிறாள்.

நீதான் முதல் வரிசை வீரனாயிற்றே. லீவுக்கு வா. கடைசி வரிசை, இடப்பக்கம். உட்காருவாயா?

சித்தி


ஜனவரி 11

அன்புள்ள டமாரத்துக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் புகழ் இங்கே இன்னும் அடங்கவில்லை. நட்ட நடு இறக்கத்தில் நீ "பேய்! பேய்!" என்று போட்ட சத்தத்தில், நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் மிரண்டுபோய், இனி வெள்ளைக் குதிரையைத் தவிர எதிலும் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். "என் பிள்ளை ஒரு ரயிலையே அலறவெச்சான்" என்று உன் அம்மா போனில் எல்லோரிடமும் சொல்கிறாளாம். எனக்கும் இப்போது அடிக்கடி போன் செய்கிறாள். சோப்பு வேண்டுமா என்று கேட்கிறாள்.

வேலையை விடவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. ஜன்னலில் உச்சி தெரிகிறது, பார்க்கிறேன். சில நாள் பார்க்க மறந்துவிடுகிறேன். அந்த ஏழாவது தடவைக்கு விடை கிடைக்கவில்லை. கிடைக்காது என்று நினைக்கிறேன்.

இறங்கியதும் உன் சித்தப்பா என்னை ஒன்று கேட்பார், ஒவ்வொரு தடவையும்: "உச்சில என்ன பாத்த?" நான் ஏதாவது சொல்வேன், அவர் வேறு ஏதாவது பார்த்திருப்பார். உன்னைக் கேட்க நினைத்தேன். அதற்குள் தண்ணீர் குடிக்கிறேன் என்று ஓடிவிட்டாய். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாய்.

உச்சியில் என்ன பார்த்தாய்?

சித்தி


ஜனவரி 19

சித்திக்கு,

முதலில் ஒரு செய்தி. பேய் என்று கத்தி ஒரு ரயிலையே கதிகலங்க வைத்தது இந்த ஆண்டின் தலைசிறந்த குறும்பாக விடுதியில் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நேரம் பார்த்து, இறக்கம் பார்த்து, எப்படிக் குறிவைத்துக் கத்தினேன் என்று சாப்பாட்டுக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி விளக்கினேன். கைதட்டல்.

உச்சியில் பார்த்ததைப் பற்றி உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ஆறு, ஆற்றில் படகு, பாலத்து மேல் எறும்பு மாதிரி பஸ்கள். எனக்கே கண் கலங்கியது. பார்க் இருக்கிற பக்கம் ஆறே கிடையாது என்று தடியன் வரைபடத்தை விரித்துக் காட்டினான். கிழித்துப் போட்டுவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், சித்தி. பட்டையை மாட்டியதிலிருந்து.

கையைத் தூக்கவில்லை. உங்கள் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கசங்கியிருந்தது காற்றால் இல்லை. தண்ணீர் குடிக்கப் போனதாகச் சொன்னதும் குடிப்பதற்காக இல்லை. குடித்தது, சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. அன்றைக்கு முன்னால் நான் பெரிய பாம்பில் ஏறியதே இல்லை. ஒரு தடவைகூட. முதல் வரிசைக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, பக்கக் கதவு வழியாக நழுவிப்போய், வெளியே வரும் வாசலில் நின்றுகொள்வேன். கடைசி வரிசையிலிருந்து உங்களுக்குத் தெரியாது. சித்தப்பா மட்டும் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வேகமாக முன்னால் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். வாரின தலை கலையாமல் நின்றிருந்தேன். என் தலையில் கையை விட்டுப் பரபரவென்று கலைத்துவிட்டார். "ம், இப்பதான் முதல் வரிசை மாதிரி இருக்கு" என்றார். நீங்கள் வந்து, "பயமா இருந்துச்சாடா?" என்று கேட்டீர்கள். "இவனுக்கா?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவர்தான் கலைத்துவிடுவார்.

அப்புறம் அந்தப் பேய் விஷயம். அது குறும்பு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பெஞ்சிலிருந்து இறங்கிய மாதிரி ஆகட்டும்.

கண்ணை மூடியிருந்தேனா, உச்சியில் ரயில் கொஞ்சம் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பொம்மைகள் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ரயில் விழுந்தது. விழும்போது என் காதுக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பு. வயிற்றிலிருந்து வருகிற, நிறுத்தத் தெரியாத சிரிப்பு. பக்கத்தில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். நீங்கள் சிரிக்கிறவர் இல்லை. அப்படியானால் அது யார்? அதற்குத்தான் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன்.

கீழே வந்து ரயில் நின்ற பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். நீங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

டமாரம்